வன்னியில் சிறுகமம் கற்பிக்க வர விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடா, பிரித்தானியா, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வாழும் எங்கள் பிள்ளைகளும், சில வேளைகளில் தமிழரல்லாத அவர்களுடைய நண்பர்களும், இலங்கையின் வடக்கே வன்னி எனப்படும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கக் கிராமங்களில் சில காலம் தங்கி, மண்ணையும் நீரையும் கெடுக்காத சிறு அளவிலான கமத்தைக் கற்பிக்க விரும்புவதாக எழுதுகிறார்கள். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கடிதங்களைப் பதிலின்றி விட மனம் வருவதில்லை. ஒரே பதிலை இருபது முறை எழுதக் கையும் வருவதில்லை. ஆகவே அவர்கள் கேட்பவற்றை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். சில விடைகள் உங்கள் உற்சாகத்தைக் குறைக்கக்கூடும். அது பயணச்சீட்டு எடுக்க முன்பே குறைவது எல்லோருக்கும் செலவு குறைவு.

காலங்காலமாகக் கமம் செய்யும் மக்களுக்கு வெளியிலிருந்து வந்து எதைக் கற்பிப்பது?

இந்தக் கேள்வி உங்களுக்கே தோன்றியிருந்தால் உங்களை அழைக்க எனக்குத் தயக்கமில்லை. வன்னியின் கமம் குளங்களைச் சுற்றி வளர்ந்தது. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவும், பாலியாற்று நீரைத் தேக்கும் வவுனிக்குளமும், முத்தையன்கட்டும், மன்னாரின் கட்டுக்கரைக்குளமும் பெரியவை. அவற்றைவிட எண்ணிக்கையில் பன்மடங்கு கூடியவை ஊருக்கு ஊர் கிடக்கும் சிறுகுளங்கள். எந்தத் துருசை (குளத்து மதகை) எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் நீர் விடுவது, குளம் நிரம்பி வான் பாயும் இரவில் கட்டுக்கு யார் காவல் போவது என்பவற்றுக்கெல்லாம் ஊரில் ஒரு வழக்கு உண்டு. அதை நீங்கள் இங்கே வந்துதான் கற்க வேண்டும்.

ஆயினும் அந்த அறிவு எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் இல்லை. விசுவமடு, முத்தையன்கட்டுப் பகுதிகளில் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்றுக் குடியேறியவர்கள், 1970 முதல் 1977 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், செத்தல் மிளகாய் விற்று வீடு கட்டினார்கள். இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின் அந்தக் காலம் திரும்பவில்லை. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் மண்வெட்டி வேலையில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர், ஆனால் குளத்து நீர் பாயும் வயல் அவர்களில் பலருக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. போரில் கணவரை இழந்த பெண்கள், முன்பு தாம் கை வைத்திராத உழவு ஒழுங்கு, மருந்தடிப்பு, சந்தைப் பேரம் ஆகியவற்றைத் தனியே ஏற்க நேர்ந்தது. 1990களிலிருந்து 2009 வரை இடம்பெயர்ந்தபடியே வளர்ந்த பிள்ளைகளுக்கு, தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து பழகும் காலமே கிடைக்கவில்லை. ஆகவே கற்க விரும்புவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் ஆசிரியர் பக்கத்து வளவு முதியவர். அவர் சொல்வதை அளந்து, குறித்து, அடுத்த வளவுக்குக் கொண்டுபோகும் ஒருவருக்கு இங்கே இடம் உண்டு.

நான் விவசாயம் படிக்கவில்லை. வரலாமா?

வரலாம். விவசாயம் படித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இயங்குகிறது. என்னிடம் வந்தவர்களில் ஊருக்கு மிகவும் பயன்பட்டவர் கணக்காளராக வேலை செய்த ஒரு பிள்ளை. அவர் எதையும் கற்பிக்கவில்லை. மாலையில் வீடு வீடாகப் போயிருந்து, உழவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, களையெடுப்புக்கு எத்தனை ஆள், வீட்டார் நின்ற நாள் எத்தனை என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக் கூட்டிக் காட்டினார். லாபம் என்று நினைத்திருந்த கத்தரித் தோட்டம், வீட்டாரின் உழைப்பைக் கூலியாகக் கணக்கிட்டால் நட்டம் என்று தெரிந்தபோது அந்த வீட்டு அம்மா நெடுநேரம் பேசவில்லை. மறுபோகம் கத்தரியைப் பாதியாகக் குறைத்து உளுந்து போட்டார்.

இரண்டு வாரமோ ஒரு மாதமோ போதுமா? எந்தக் காலத்தில் வருவது நல்லது?

கற்பிக்க வருவதாயின் போதாது. ஒரு போகத்தை விதைப்பிலிருந்து அருவி வெட்டு (அறுவடை) வரை பாராதவர் சொல்வதை இங்கே யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். தேநீர் கொடுத்து, தலையாட்டி, படலை வரை வந்து வழியனுப்பிவிட்டுத் தங்கள் வழியிலேயே செய்வார்கள். அந்த மரியாதையை உடன்பாடு என்று எண்ணி ஏமாந்த பலரைக் கண்டிருக்கிறேன்.

காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசியிலும், முதல் மழைக்கு நிலம் இளகியவுடன் உழுது விதைப்பார்கள்; மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானம் பார்த்திருப்பதும் உண்டு. இங்குள்ள செங்கபில மண் காய்ந்தால் மண்வெட்டி இறங்காது, நனைந்தால் சில்லில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாள்களில் எல்லோருக்கும் உழவு இயந்திரம் வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை கொட்டும். தையிலும் மாசியிலும் அருவி வெட்டு. சிறுபோகம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணி வரை செல்லும், அதுவும் குளத்தில் நீர் மிஞ்சியிருந்தால். எத்தனை ஏக்கருக்கு நீர் கொடுக்கலாம் என்பதை, போகம் தொடங்க முன் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அனுமதி கேட்டு அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் இருங்கள். வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர் யார், கடைசியில் உள்ளவர் யார், யார் பேசினால் மற்றவர்கள் அடங்குகிறார்கள் என்பதெல்லாம் ஒரு காலைப்பொழுதில் விளங்கிவிடும்.

ஆகவே புரட்டாதி நடுப்பகுதியில் வந்து மாசியில் திரும்புமாறு சொல்வேன். அது முடியாதவர்களில் பலர் தங்கள் நாட்டுக் கோடை விடுமுறையில், ஆடி, ஆவணியில் வருகிறார்கள். அப்போது இங்கே சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். சிறுபோகம் செய்யாத ஊரில் பார்ப்பதற்குப் பச்சை வயலே இராது. அந்தக் காலத்தில் வருபவர்கள் கற்பிக்கும் எண்ணத்தை ஒத்திவைத்து, வேலியடைப்பிலும் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதிலும் கைகொடுத்து, ஆட்களைப் பழகிக்கொண்டு போகலாம்.

‘இயற்கை விவசாயம் கற்பிக்க வந்திருக்கிறேன்’ என்று சொன்னால் வரவேற்பு இருக்குமா?

சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை, கிருமிநாசினி, களைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்து, நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டபோது வன்னியில் காலபோக விதைப்பு பெரும்பாலும் முடிந்து, பயிர் மஞ்சளித்து நின்றது. விளைச்சல் விழுந்தது; அடுத்த ஆண்டு யூரியா மூடை ஒன்றின் விலை பல்லாயிரம் ரூபாய்க்கு ஏறியது. கூட்டெரு மண்ணுக்கு நல்லது என்பதை அறியாத கமக்காரர் இங்கே இல்லை. ஓர் ஏக்கருக்குத் தொன் கணக்கில் தேவைப்படும் எருவை யாருடைய மாட்டுப் பட்டியிலிருந்து, யாருடைய உழவு இயந்திரப் பெட்டியில், யார் கொடுக்கும் கூலிக்கு ஏற்றி வருவது என்ற கேள்விக்குத்தான் அன்று எவரிடமும் விடை இருக்கவில்லை. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் நட்டம் களத்துமேட்டில் பொலியாகக் குறைந்து கிடந்ததை இவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

எனவே பெயரை விடுத்துப் பொருளைப் பேசுங்கள். குழை தாழ்ப்பது, அதாவது பச்சிலையை மண்ணுக்குள் புதைத்து எருவாக்குவது, எங்களுக்குப் புதிதன்று. பூவரசங் குழையையும் காவிளாயையும் தோட்ட மண்ணில் தாழ்த்தியே எங்கள் பாட்டன்மார் பயிர் செய்தார்கள். சீமைக்கிளுவைக் கதியாலை வேலியில் நாட்டிவிட்டால் ஆண்டுக்குச் சில முறை குழை வெட்டலாம். அந்தக் குழையைத் தாழ்த்தி, யூரியாவைப் பாதியாகக் குறைத்து ஒரு பாத்தி, வழக்கம்போல் ஒரு பாத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் செய்து, காய் ஆய்ந்த ஒவ்வொரு நாளும் இரண்டையும் நிறுத்து எழுதி வைத்தால், நீங்கள் வாய் திறக்க வேண்டிய தேவையே இராது. மருந்தடிப்பிலும் அப்படித்தான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து, வெற்றுக் காலோடும் முகம் மூடாமலும் அடிப்பவரிடம் ‘மருந்தே வேண்டாம்’ என்றால் அவர் கேளார். மூன்றை ஒன்றாகக் குறைக்கவும், காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கவும், வெற்றுப் போத்தலைக் கிணற்றடியில் எறியாதிருக்கவும் பழக்கினால் அதுவே பெரிய காரியம்.

மடகஸ்காரில் தொடங்கிய ஒற்றை நாற்று முறையைப் பயிற்சி எடுத்திருக்கிறேன். அது இங்கே சரிவருமா?

1980களில் மடகஸ்காரில் உருவான அந்த முறை, இளம் நாற்றை, பெரும்பாலும் 8 முதல் 12 நாள் வயதில், குத்துக்கு ஒன்றாக 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டு, வயலை மாறி மாறி நனைத்தும் காயவிட்டும், உருளும் களையெடுப்பானால் களை எடுப்பதாகும். விதை மிகக் குறைவாகச் செல்லும் என்பது உண்மை. வன்னியிலோ பெரும்பாலான வயல்கள் விதைப்பு வயல்கள். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறக்குறைய 40 கிலோ நெல்லை வீசி விதைத்து விடுவார்கள். நடுவதற்கு ஆள் இல்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. காலபோகத்தில் மார்கழி மழைக்கு வயல் நிரம்பி வழியும்போது ‘இன்று காயவிடுங்கள்’ என்று எந்த மடையைத் திறந்து சொல்வீர்கள்? சிறுபோகத்தில் வாய்க்காலுக்கு முறை வைத்து நீர் வருவதால், எந்த நாளில் நனைவது என்பதைத் தனிக் கமக்காரர் தீர்மானிப்பதில்லை. முறை தவறினால் அடுத்த முறை எப்போது என்ற அச்சத்தில், வந்த நீரை அவர் கட்டித்தான் வைப்பார்.

ஆனாலும் முழு முறையும் பொருந்தாவிட்டால் அதன் ஒரு துண்டு பொருந்தும். கிணற்று நீர் உள்ள கால் ஏக்கரில், விதைநெல்லுக்காக மட்டும் இப்படி நட்டவர்கள் இருக்கிறார்கள். கலப்பு நெல்லைக் கண்டு பிடுங்க இடைவெளி உதவுகிறது. பூநகரிப் பக்கத்து மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய இனங்களின் விதையைத் தூய்மையாகப் பேண விரும்புவோருக்கு அது நல்ல வழி.

நான் சொன்ன முறை தோற்றால் என்ன ஆகும்?

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் குறித்த நாளில் விமானம் ஏறுவீர்கள். விதைக்கும் உழவுக்கும் கடன் சொன்னவர், நகையை அடைவு வைத்தவர், கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை கட்டுபவர் இங்கேயே இருப்பார். 

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நல்ல மனமுள்ள ஓர் இளைஞரை நான்தான் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் மிளகாய்ப் பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்குத் தடிப்பாகப் போடச் சொன்னார். வறண்ட நாட்டில் அது சிறந்த வழி. அவர் போடச் சொன்னதோ கார்த்திகையில். பத்து நாள் விடாமல் மழை பெய்தது, மண் உலரவில்லை, அடித்தண்டு அழுகிக் கன்றுகள் சாய்ந்தன. அவர் நத்தாருக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டு பரப்பு (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) மிளகாயும் போயிற்று. அந்த வீட்டார் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. இன்றும் அந்த ஒழுங்கையால் போக நேர்ந்தால் சைக்கிளை விரைவாக மிதிக்கிறேன்.

அதன் பிறகு ஒரே நிபந்தனை வைத்திருக்கிறேன். முதற் போகத்தில் வேறொருவருடைய பயிரில் எந்தப் புதுமுறையையும் செய்விக்கக் கூடாது. ஒன்றிரண்டு பரப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுங்கள். விதை, கூலி, பசளை யாவும் உங்கள் செலவு, விளைச்சல் காணிக்காரருக்கு. வழியோரமாக, எல்லோரும் காணக்கூடிய துண்டாக அது இருக்கட்டும். தோற்றால் ஊர் சிரிக்கும், சிரித்துக்கொண்டே வந்து காரணமும் சொல்லும்.

அப்படியாயின் துணிந்து கற்பிக்கக் கூடியவை எவை?

எவருடைய போகத்தையும் பணயம் வைக்காதவை. முதலாவது முளைதிறன் சோதனை. நூறு விதையை எண்ணி நனைந்த சாக்குத் துணியில் சுருட்டி, ஈரம் உலராமல் வைத்து, ஒரு கிழமைக்குள் முளைத்தவற்றை எண்ண வேண்டும். நெல்லில் 85க்குக் குறைந்தால் அந்த விதையை மாற்றவோ, விதைக்கும் அளவைக் கூட்டவோ வேண்டும். செலவு ஒன்றுமில்லை. இதை அறியாதவர்கள் இல்லை, அவசரத்தில் செய்யாதவர்கள் நிறைய. பாடசாலைப் பிள்ளைகளிடம் பழக்கிவிட்டால் அவர்களே வீட்டில் செய்து காட்டுவார்கள்.

இரண்டாவது மழைக் குறிப்பு. 2018 மார்கழியில் ஒரே இரவில் பெய்த மழையோடு இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளும் வயல்களும் வெள்ளத்தில் கிடந்தன. எந்த ஊரில் எவ்வளவு மழை என்று நாள்தோறும் எழுதும் பழக்கம் இருந்தால், ‘கொட்டு மழை’ என்ற சொல்லுக்கு ஓர் அளவு கிடைக்கும். இழப்பீட்டுப் படிவம் நிரப்பும்போதும் கைகொடுக்கும். 

வீட்டுத்தோட்டம் மூன்றாவது. முருங்கை, அகத்தி, பப்பாசி, பயற்றை, கீரை ஆகியவற்றைக் கிணற்றடிக் கழிவு நீரில் வளர்ப்பதற்குப் பெரிய பாடம் தேவையில்லை. வேலிதான் தேவை. கட்டாக்காலி மாடும் பக்கத்து வீட்டு ஆடும் ஓர் இரவில் முடித்துவிடும் வேலையை எந்தப் பயிற்சியும் ஈடுசெய்யாது. காட்டோர ஊர்களில் குரங்கும் மயிலும் பன்றியும் வரும், யானை வந்தால் தென்னம்பிள்ளை மிஞ்சாது. ஆகவே ‘எதை நடலாம்’ என்று பேசத் தொடங்கும் முன் ‘எதை எது தின்னும்’ என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள்.

நான்காவதாக, அருவி வெட்டுக்குப் பிந்திய கவனிப்பு. வவுனியாவில் உளுந்து பேர்பெற்ற பயிர். விளைந்து நிற்கும் நேரத்தில் மழை விடாவிட்டால் காயிலேயே முளைத்துவிடும், மழை விட்டால் எல்லோரும் ஒரே கிழமையில் விற்க விலை விழும். நன்கு உலர்த்தி, வண்டு விழாமல் இரண்டு மாதம் வைத்திருக்கத் தெரிந்த குடும்பம் கூடுதல் விலை காணும். கச்சானும் அப்படியே. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வறுத்துப் பையில் போட்டு விற்கும் பெண்களிடம் அரை நாள் இருந்து பாருங்கள். தரம் பிரித்தல் என்ற பாடத்தை அவர்கள் நடத்துவார்கள், நீங்கள் மாணவர்.

சொட்டுநீர்ப் பாசனம், சூரிய மின் பம்பி ஆகியவற்றைக் கேட்பவர்களும் உண்டு. பழுது பார்ப்பவர் பத்து மைலுக்குள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நல்ல விதைகளைக் கொண்டுவரலாமா?

கொண்டுவராதீர்கள். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதை, நாற்று, மண் ஆகியவற்றை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. சட்டத்தை விட்டாலும் வவுனியாத் தெருவோரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பாத்தீனியத்தைப் பாருங்கள். 1987இல் வந்த இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்தது என்பது பரவலான கருத்து. எப்படி வந்ததாயினும், இன்று யாழ்ப்பாணம் வரை பரவி, தொட்டவருக்குத் தோல் கடியும் மூச்சுத் தொல்லையும் தருகிறது.

விசா, அனுமதி, தங்குமிடம்?

சுற்றுலா விசா ஊர் பார்ப்பதற்குரியது. அதில் வந்து மாதக்கணக்கில் வகுப்பு நடத்துவது, ஊதியம் பெறாவிட்டாலும், உங்களுக்கும் உங்களை வைத்திருக்கும் வீட்டாருக்கும் தொல்லை தரும். உரிய விசாவைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் கேட்டுப் பெறுங்கள். பதிவு பெற்ற நிறுவனமொன்றின் ஊடாக வருவது எளிது. வந்தவுடன் கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், கமக்காரர் அமைப்பின் தலைவர், அந்தப் பகுதிப் போதனாசிரியர் ஆகியோரைச் சென்று காணுங்கள். நீங்கள் யார் என்று ஊர் கேட்க முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. தங்குமிடம் பெரும்பாலும் வீடுகளில்தான். சாப்பாட்டுக்குக் காசு வாங்கமாட்டோம் என்பார்கள். அரிசியும் தேங்காயும் மீனும் வாங்கிக்கொண்டு போங்கள்.

மிதிவெடி அபாயம் இன்னும் உண்டா?

பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. முகமாலை போன்ற இடங்களில் பல ஆண்டுகளாக அங்குலம் அங்குலமாக வேலை நடந்தது. ஆயினும் மண் மாதிரி எடுக்க எங்கும் குழி தோண்டும் பழக்கம் இங்கே ஆகாது. ஆண்டுதோறும் உழுத நிலத்திலேயே தோண்டுங்கள். பற்றைக்குள்ளும் பழைய மண் அணைகளிலும் கால் வைக்காதீர்கள். மண்டையோட்டுப் படமிட்ட சிவப்புப் பலகை கண்டால் நில்லுங்கள். பழைய இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்து, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

உடல்நலத்துக்கு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சேற்றில் இறங்கும் காலத்தில் எலிக்காய்ச்சல். காலில் புண்ணோடு இறங்காதீர்கள், இறங்க முன் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள், காய்ச்சல் வந்தால் வயலில் நின்றதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அருவி வெட்டுக் காலத்தில் வயலில் புடையன் பாம்பு கிடக்கும், ரோச் லைற்றும் மூடிய சப்பாத்தும் வேண்டும். கடித்தால் கட்டுப்போட்டு வெட்டிப் பார்க்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெயிலுக்கு ஊரார் விடியற்காலையில் வேலை செய்து பத்து மணிக்குக் கரையேறுவார்கள், நீங்களும் ஏறுங்கள்.

என் தமிழ் அவ்வளவு நன்றாக இல்லை. அது தடையா?

தடையன்று. வேறொரு தடை உண்டு. காணொளிகளைப் பார்த்துத் தமிழ்நாட்டுச் சொற்களோடு வருகிறார்கள்: ஏரி, மகசூல், வேர்க்கடலை, ஆழ்துளைக் கிணறு. இங்கே அவை குளம், விளைச்சல், கச்சான், குழாய்க்கிணறு. விளங்காமல் போகாது, ஆனால் ‘இவர் எங்கோ படித்ததை ஒப்புவிக்கிறார்’ என்ற எண்ணம் விழும். கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் ஒரு காற்றின் பெயரும் ஆகையால் அதையும் அறிந்துகொள்ளுங்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழையாமல் ஐயா, அம்மா, அண்ணை, அக்கா என்றே அழையுங்கள்; ‘நீர்’ என்பது உங்கள் வீட்டில் அன்பாக ஒலித்தாலும் இங்கே முதியவரிடம் சொல்லத்தக்கதன்று. அமெரிக்காவில் 1961இல் தொடங்கிய தொண்டர் அமைப்பொன்றின் பெயரைச் சிலர் ‘அமைதிப் படை’ என்று மொழிபெயர்த்துத் தம்மை அறிமுகம் செய்வதுண்டு. தயவுசெய்து வேண்டாம், வன்னியில் அந்தச் சொல்லுக்கு 1987இல் வந்த இந்தியப் படை என்று பொருள்.

இதற்கு முன் இப்படித் தொண்டர்கள் வந்து கமம் பழக்கியதுண்டா?

உண்டு. 1970களில் வவுனியாவை நடுவாகக் கொண்டு இயங்கிய காந்தியம் இயக்கம், 1977 வன்செயலில் வீடிழந்த மலையகக் குடும்பங்களை வன்னி எல்லையோர நிலங்களில் குடியேற்றி, கிணறு வெட்டி, விதை கொடுத்து, பாலர் பாடசாலையும் மருந்துவசதியும் செய்தது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். இளைஞர்கள் பலர் தொண்டர்களாகச் சென்று அந்த மக்களோடு வாழ்ந்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாகினர். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மருத்துவர் ஒருவரும் கட்டடக் கலைஞர் ஒருவரும் கமத்துக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை அவர்கள்தான். இன்றும் முதியவர்கள் அவர்களுடைய தொண்டர்களை நினைவுகூரும்போது, அவர்கள் தங்களோடு இருந்து உண்டதையே முதலில் சொல்கிறார்கள்.

பணமோ இயந்திரமோ கொடுத்து உதவலாமா?

தனி வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டோடு பகை. எல்லோருக்கும் கொடுத்தால் உங்கள் வரவே நிவாரணமாகிவிடும், பிறகு எதையும் கற்பிக்க இயலாது. கமக்காரர் அமைப்போ பெண்கள் சங்கமோ ஏற்கெனவே கூட்டத்தில் பேசித் தீர்மானித்த ஒன்று, உதாரணமாக உளுந்து உலர்த்தும் சீமெந்துத் தளம் அல்லது தராசு, இருக்குமானால் அதற்குக் கொடுங்கள். ரசீது கேளுங்கள், கேட்பதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். கடன் எடுத்துச் செய்யுமாறு எவருக்கும் ஒருபோதும் ஆலோசனை சொல்லாதீர்கள்.

திரும்பிப் போகும்போது செய்ய வேண்டியவை எவை?

நீங்கள் செய்த துண்டின் கணக்கை, தோல்வியையும் சேர்த்து, ஒரு தாளில் தமிழில் எழுதி, காணிக்காரருக்கும் கமக்காரர் அமைப்புக்கும் போதனாசிரியருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். வீட்டாரின் படங்களை அவர்கள் சம்மதமின்றி இணையத்தில் போடாதீர்கள். வருவேன் என்று நிச்சயமில்லாமல் சொல்லாதீர்கள். சிறுவர்கள் அதை நாட்காட்டியில் குறித்து வைப்பார்கள். அடுத்த ஆண்டு மாசியில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து எத்தனை மூடை விளைந்தது, என்ன விலை போனது என்று கேளுங்கள். மறுபடியும் வருவதாயின் ஆவணி முடிய முன் எனக்கு எழுதுங்கள். புரட்டாதியில் வந்து இறங்கிவிட்டு உழவு இயந்திரம் தேடினால், வன்னியில் உங்களுக்கு மட்டுமன்றி எனக்கும் கிடையாது.